போனவர்கள் திரும்பி வரும்போது

வேத ஆராய்ச்சி

வாசிக்க வேண்டிய பகுதிகள்: அப்போஸ்தலர் 13:1-5, 14:8-28, மாற்கு 6:29-32, லூக்கா 10:17-20



மிஷனெரிப் பிரயாணங்களைக் குறித்து நம்முடைய சபைகளில் கேட்கிற பிரசங்கங்களில் பெரும்பாலானவை புறப்பாட்டைப் பற்றியவை. வழியனுப்புக் கூட்டம் வைக்கிறோம். ஜெபித்து, காணிக்கை எடுத்து, ரயில் நிலையம் வரைக்கும் போய்க் கையசைக்கிறோம். போனவர்கள் எப்படித் திரும்பி வரவேண்டும், எதை விட்டுவிட்டு வரவேண்டும், வந்த பின் என்ன செய்யவேண்டும் என்பதைக் குறித்து அதிகமாகப் பேசுவதில்லை. ஆனால் பரிசுத்த வேதாகமம் இதைக் குறித்து மௌனமாக இல்லை. பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதலாம் மிஷனெரிப் பிரயாணத்தின் முடிவை லூக்கா கவனமாக எழுதிவைத்திருக்கிறார். இம்மாதம் அந்தப் பகுதியை நாம் சேர்ந்து தியானிப்போம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. நம்முடைய மருத்துவமனையிலிருந்து எட்டுப் பேர் கொண்ட தொண்டர் குழு ஒன்று நேபாள நாட்டின் மேற்கு மலைப் பகுதியிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் பதினைந்து நாட்கள் பணிசெய்து திரும்பியிருக்கிறது. சாப்ளினாக நானும் உடன் சென்றிருந்தேன். இந்தப் பயணத்துக்கு உங்களில் பலர் காணிக்கை அனுப்பினீர்கள். அனுப்பியவர்களில் ஒரு அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்கள்: "ஐயா, எட்டுப் பேர் போய்வருகிற செலவை அப்படியே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் இன்னும் அதிக நன்மை ஆகாதா?" இது நியாயமான கேள்வி. ஒரு புன்னகையோடு கடந்துபோகத்தக்கதல்ல. இந்தக் கட்டுரையின் முடிவில் அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அதற்குமுன் வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

செய்த வேலை என்ன?

முதலாவது, குழு எதற்காகச் சென்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நேபாள மலைக்கிராமங்களில் கர்ப்பப்பை இறக்கம் என்னும் நோயினால் வருந்தும் தாய்மார் மிகுதி. அங்கே தண்ணீர், விறகு, புல், அறுவடை எல்லாம் 'டோக்கோ' என்னும் கூம்புவடிவக் கூடையில், நெற்றியில் பட்டை கட்டி முதுகில் சுமக்கப்படுகின்றன. பிரசவித்துச் சில நாட்களுக்குள்ளேயே அந்தக் கூடையைத் தூக்கவேண்டிய நிலை பல பெண்களுக்கு உண்டு. சிறுவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவங்கள், தேர்ந்த தாதி இல்லாத பிரசவம் இவையும் சேர்ந்துகொள்ளுகின்றன. வெட்கத்தினால் வெளியே சொல்லாமல் பத்து, இருபது ஆண்டுகள் சகித்தவர்களும் உண்டு. உட்காரமுடியாது; நடப்பதும் கஷ்டம்; சிலர் கணவனாலும் தள்ளிவைக்கப்படுகிறார்கள்.

இதற்கு இரண்டு வகைச் சிகிச்சை. நோய் முற்றியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு, இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கும்படி உள்ளே ஒரு வளையம் பொருத்துவது. அறுவைச் சிகிச்சை பெற்றவள் ஏறக்குறைய மூன்று மாதம் பாரம் தூக்கலாகாது. வளையம் பொருத்தப்பட்டவள் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து அதை எடுத்துக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளவேண்டும். அப்படியே வருடக்கணக்காக விட்டுவிட்டால் புண்ணும் சீழும் உண்டாகும். இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் போய்வருகிற குழு ஒரு வளையத்தைப் பொருத்தலாம். அடுத்த முறை அதைக் கழுவி வைக்க அது அங்கே இராது.

1. அனுப்பின சபை ஒன்று இருந்தது

அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் சீரியாவின் அந்தியோகியா சபையார் உபவாசித்து, ஜெபித்து, பவுலையும் பர்னபாவையும் கைவைத்து அனுப்பினார்கள். செலூக்கியா துறைமுகத்திலிருந்து கப்பலேறி சீப்புரு தீவுக்கும், அங்கிருந்து பம்பிலியா நாட்டுப் பெர்கேவுக்கும், பின்பு மலைகளைக் கடந்து பிசீதியாவின் அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை என்னும் ஊர்களுக்கும் அவர்கள் போனார்கள். 14:26ல் புறப்பட்ட அந்தியோகியாவுக்கே திரும்பி வருகிறார்கள். அந்த வசனத்தில் லூக்கா ஒரு சங்கதியை நினைப்பூட்டுகிறார்: அவர்கள் செய்து முடித்த அந்த வேலைக்காகத் தேவ கிருபைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது இதே ஊரில்தான்.

அந்தியோகியாவின் விசுவாசிகளில் பெரும்பாலோர் சீப்புருவையும் லீஸ்திராவையும் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்த வேலை அவர்களுடைய வேலை. மாதந்தோறும் ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ அனுப்புகிற நீங்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் அல்ல. நீங்களே அந்தியோகியா. (அந்தப் பழைய நகரம் இன்று துருக்கி நாட்டில் அந்தாக்யா என்னும் பெயரோடு இருக்கிறது. 2023 பிப்ரவரி 6ஆம் தேதி நிகழ்ந்த பூமி அதிர்ச்சியில் அதன் பெரும்பகுதி இடிந்துபோயிற்று. மிஷனெரிகளை அனுப்பின ஊருக்கும் மற்றவர்களுடைய உதவி தேவைப்படுகிற நாள் வருகிறது என்பதை நாம் மறவாதிருப்போமாக.)

2. லீஸ்திராவின் மாலைகள்

லீஸ்திராவிலே பிறவியிலிருந்து நடந்தறியாத ஒரு மனுஷன் எழுந்து நடந்தான். ஜனங்கள் தங்கள் லிக்கவோனியா மொழியிலே ஆரவாரித்து, பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் அழைத்தார்கள். எருதுகளும் பூமாலைகளும் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். ஏன் முதலிலேயே தடுக்கவில்லை? அந்த மொழி அவர்களுக்கு விளங்கவில்லை என்று வேத பண்டிதர் பலர் கருதுகிறார்கள். லூக்கா அந்த மொழியின் பெயரைக் குறித்துவைத்ததும் அதனால்தான் போலும்.

சுகமளிக்கிற ஊழியத்துக்கு வெளிநாடு போகிற எவரும் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். இரண்டு அபாயங்கள் இதில் காணப்படுகின்றன.

ஒன்று, மொழி தெரியாமை. எங்கள் மருத்துவர்கள் இந்தியில் பேசிச் சமாளித்தார்கள். ஆனால் மூத்த தாய்மாரில் பலருக்கு நேபாளி மாத்திரமே தெரியும். சிலருக்கு மகர் மொழியே தாய்மொழி. அந்நிய மருத்துவர் "வலிக்கிறதா?" என்று சைகையால் கேட்டால், மரியாதைக்காக "இல்லை" என்று தலையசைப்பார்கள். அதே கேள்வியை அந்த ஊர் நர்ஸ் அருகில் உட்கார்ந்து, "ஆமா" என்று, அதாவது அம்மா என்று, அழைத்துக் கேட்டவுடன் கண்ணீரோடு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்தது நோய். இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது நோயாளி.

இரண்டாவது, மாலை. அந்நியருக்கு ஊர் ஜனம் கொடுக்கிற கனம் மிகப் பெரியது. அன்பினால் கொடுக்கப்படுகிற மாலையை வேண்டாமென்று தள்ளுவது மரியாதையல்ல. ஆனால் அந்த மாலை யாருக்கு உரியது என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள், அறுவைச் சிகிச்சை பெற்ற ஒரு பாட்டியம்மாள் எங்கள் பெண் மருத்துவரின் காலைத் தொடக் குனிந்தார். மருத்துவர் அவரைத் தூக்கி நிறுத்தி, அருகே நின்ற ஊர் நர்ஸின் கையை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம், "நாளைக்கு நான் இருக்கமாட்டேன், பாட்டி. உங்களைப் பார்க்கப்போகிறவர் இவர்தான்" என்றார். லீஸ்திராவில் அப்போஸ்தலர் தங்களைவிட்டு ஜீவனுள்ள தேவனிடத்துக்கு ஜனங்களின் கண்களைத் திருப்பினார்கள். நாமும் நம்மேல் நிற்கிற கண்களை அவரிடத்துக்கும், அவர் அந்த ஊரிலே வைத்திருக்கிற ஊழியக்காரரிடத்துக்கும் திருப்பவேண்டும்.

3. வந்த வழியே திரும்பினார்கள்

தெர்பை பட்டணத்தோடு அந்தப் பயணத்தின் தூரமான எல்லை வந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தால், அங்கிருந்து கிழக்கே மலைக் கணவாய் வழியாக இறங்கினால் தர்சு பட்டணம். அது பவுலின் சொந்த ஊர். அதைத் தாண்டினால் சீரியாவின் அந்தியோகியா. ஆனாலும் 14:21ல் அவர்கள் வந்த வழியே திரும்புகிறார்கள்: லீஸ்திரா, இக்கோனியா, பிசீதியாவின் அந்தியோகியா. லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, இறந்தான் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டிருந்தார்கள். அதே ஊருக்குள் மறுபடியும் போகிறார். காரணம், அங்கே புதிதாய் விசுவாசித்தவர்கள் இருந்தார்கள். அவர்களைத் திடப்படுத்தாமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை. அவர்களிடம் இனிப்பான வாக்குறுதிகளையும் அவர் சொல்லவில்லை. உபத்திரவங்கள் அநேகம் உண்டு என்று உள்ளதைச் சொன்னார்.

வேலையின் கடைசிப் பகுதி புதிய வேலை அல்ல, ஏற்கெனவே செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது. இதை நாங்கள் அந்த மருத்துவமனையின் மேலதிகாரியிடம் கற்றுக்கொண்டோம். அவர் நேபாளி, அந்த மலைகளிலேயே வளர்ந்தவர். நாங்கள் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாகவே புதிய அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவிட்டார். வெளியே இன்னும் பெண்கள் காத்திருந்தார்கள். சிலர் இரண்டு நாள் நடந்து வந்தவர்கள். எங்கள் குழுவில் இளையவர்களுக்கு இது தாங்கமுடியாத வருத்தம். இரவு பகல் என்று பாராமல் வேலைசெய்து எல்லாரையும் முடித்துவிடுகிறோம் என்று கெஞ்சினார்கள். அவர் அமைதியாகச் சொன்னார்: "கடைசி நாளில் அறுத்துவிட்டுப் போகிறவர் அன்று இரவு வருகிற இரத்தப்போக்கைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். இந்த மூன்று நாளும் நீங்கள் அறுத்தவர்களைக் கவனித்து, எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். காத்திருக்கிறவர்களை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்."

அந்தப் பெண்களுக்கு வளையம் பொருத்தத் தக்கவர்களுக்குப் பொருத்தப்பட்டது. மற்றவர்களுக்கு அடுத்த தேதி குறித்துக் கொடுக்கப்பட்டது. கூடையைத் தூக்கித் திரும்பிப்போகிற அவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றது எளிதல்ல. ஆயினும் மேலதிகாரி சொன்னது சரி. அறுவைச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இரண்டாம் நாள் இரவு இரத்தப்போக்கு உண்டாயிற்று. எங்கள் மருத்துவரும் அங்குள்ள மருத்துவரும் சேர்ந்து நின்று கவனித்தார்கள். அந்தச் சகோதரி பிழைத்தார்.

அதே நாட்களில் எங்கள் பிசியோதெரபிஸ்ட் அங்குள்ள நர்ஸுகளுக்கு அடிவயிற்றுத் தசைகளை உறுதிப்படுத்தும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். கணவன்மாரையும் மாமியார்மாரையும் உட்காரவைத்து, மூன்று மாதம் கூடையை வேறொருவர் சுமக்கவேண்டும் என்று பேசுகிற வேலை எனக்கும் ஊர் ஊழியக்காரர் ஒருவருக்கும் விழுந்தது. "தண்ணீர் யார் கொண்டுவருவது?" என்று ஒரு மாமியார் கேட்டார். அவருடைய மகன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்து, "நான்" என்றான்.

4. அடைக்கலப் பொருளாக ஒப்புவித்தார்கள்

14:23ல் அப்போஸ்தலர் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசத்தோடு ஜெபித்து, அவர்களைக் கர்த்தரிடத்தில் ஒப்புவித்தார்கள். 'ஒப்புவித்தல்' என்று வருகிற அந்தக் கிரேக்கச் சொல், விலையேறப்பெற்ற ஒரு பொருளை நம்பத்தக்கவரிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்துவைப்பதைக் குறிக்கப் பயன்படும். நம்முடைய தமிழில் அடைக்கலப் பொருள் என்கிறோமே, அதுதான். இதோடு உறவுடைய சொல்லையே பவுல் 2 தீமோத்தேயு 1ஆம் அதிகாரத்திலும் பயன்படுத்துகிறார்.

சில மாதங்கள் மாத்திரமே விசுவாசத்தில் இருந்த மனிதரிடம் சபையை விட்டுவிட்டு வருவது எத்தனை பெரிய துணிவு! இன்னும் சில ஆண்டுகள் நாமே நடத்துவோம் என்று பவுல் நினைக்கவில்லை. உள்ளூர் மனிதரை நம்பினார். அவர்களைக் காக்கிற கர்த்தரை அதிகமாய் நம்பினார்.

மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்தில் நிலைத்து நிற்கிறவை இந்தப் பாடத்தைக் கற்றவை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1890ல் திண்டிவனத்துக்கு வந்தது நோயுற்றிருந்த தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காகத்தான். அந்த இரவில் வைத்திய உதவியின்றி இறந்த மூன்று பெண்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப்பின் நடந்ததைக் கவனியுங்கள். மருத்துவம் படித்து 1900ல் திரும்பி வந்தவர், வாழ்நாளெல்லாம் தாமே வைத்தியம் செய்துகொண்டிருந்தால் போதும் என்று எண்ணவில்லை. 1909ல் நர்ஸுகளுக்கும், 1918ல் பெண் மருத்துவர்களுக்கும் வேலூரில் பயிற்சி தொடங்கினார். அவர் 1960ல் மரித்தார், வேலை நின்றுபோகவில்லை.

நேபாளத்திலும் அப்படியே. 1951 வரைக்கும் அந்த நாடு அந்நியருக்கு ஏறக்குறைய அடைபட்டிருந்தது. முசூரியில் வேலைசெய்துவந்த ராபர்ட் ஃபிளெமிங் என்பவர் பறவைகளை ஆராய்கிறவர். 1951-52 குளிர்காலத்தில் தான்சேன் பகுதிக்கு அவர் சென்ற பயணத்தில் மருத்துவர்களும் உடன் சென்று, தேடிவந்த நோயாளிகளைப் பார்த்தார்கள். சில வாரங்களே நீடித்த பயணம் அது. ஆனால் அதன் பலனாக மருத்துவப் பணி தொடங்க நேபாள அரசின் அனுமதி கிடைத்து, 1954ல் பல சபைகளும் மிஷன்களும் சேர்ந்து நேபாள ஐக்கிய மிஷனை ஏற்படுத்தின. அந்தக் குறுகிய பயணம் பயனுள்ளதானது, அதற்குப் பின் வந்து தங்கினவர்களாலும், அவர்களிடத்தில் கற்றுக்கொண்ட நேபாளியராலும்தான்.

சபையைக் குறித்தும் ஒரு வார்த்தை. நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பும், 2018ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமும் பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கின்றன. ஆகையால் நான் அங்கே பிரசங்கம் செய்யவில்லை, கைப்பிரதி கொடுக்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் கொடுத்தேன், பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டேன். நெடுங்காலமாய் அந்நாட்டின் வாரவிடுமுறையாயிருக்கிற சனிக்கிழமையில் நேபாள விசுவாசிகள் ஆராதனைக்குக் கூடுகிறார்கள். பாயில் உட்கார்ந்து அவர்களோடு ஆராதித்தோம். மேய்ப்பர் நேபாளி, மூப்பர் நேபாளியர், பாடல்களும் அவர்களுடையவை. அவர்கள் எங்களுக்காக ஜெபித்து அனுப்பினார்கள். ஒப்புவிக்கப்பட்ட அடைக்கலப் பொருள் பத்திரமாயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நாங்கள் புறப்பட்ட நாளில் நர்ஸ் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வளையம் பொருத்தப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பெயர், ஊர், அடுத்து வரவேண்டிய மாதம் எல்லாம் அவருடைய கையெழுத்தில் இருந்தன. வராதவர்களைத் தேடிப்போகும் கிராம சுகாதாரத் தொண்டர்களின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் பயணத்தின் பலன் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த நோட்டைத்தான் சொல்லுவேன்.

5. தேவன் செய்ததை அறிவித்தார்கள்

14:27ல் பவுலும் பர்னபாவும் சபையைக் கூடிவரச்செய்து, தேவன் தங்களோடிருந்து செய்தவற்றை அறிவிக்கிறார்கள். இங்கே இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, வாக்கியத்தின் எழுவாய் தேவன். மூலமொழியில் 'அவர்களோடுகூட' தேவன் செய்தவை என்ற பொருள் இருக்கிறது. வேலைக்காரர் அவர், அவர்கள் உடனிருந்தவர்கள். இரண்டாவது, அறிவித்தார்கள் என்ற வினை, தொடர்ந்து அறிவித்துக்கொண்டிருந்தார்கள் என்ற பொருளைத் தருவது. ஒரே மாலையில் படம் காட்டி முடித்துவிடவில்லை.

திரும்பி வருகிறவர்களை நாம் முதலாவது கேட்கிற கேள்வி, "எத்தனை ஆபரேஷன்?" என்பதாயிருக்கிறது. லூக்கா 10ல் எழுபது பேர் சந்தோஷத்தோடு திரும்பி வந்து, பிசாசுகளும் அடங்கினதைச் சொன்னார்கள். ஆண்டவர் அந்தச் சந்தோஷத்தை மறுக்கவில்லை. ஆனால் அதைவிட மேலான சந்தோஷம் ஒன்றுக்கு அவர்களைத் திருப்பினார். நீங்கள் சாதித்ததில் அல்ல, பரலோகத்தில் உங்கள் பெயர் இருப்பதில் மகிழுங்கள் என்கிற கருத்து அது. எண்ணிக்கை குறைந்துபோன நாளிலும் அந்தச் சந்தோஷம் குறையாது. நடுவழியில் திரும்ப நேர்ந்தவருக்கும் அது உரியது. மாற்கு பெர்கேவில் திரும்பிப்போனான். ஆனால் முதிர்ந்த வயதில் பவுல் அவனை அழைத்துவரும்படி கேட்கிறார் (2 தீமோத்தேயு 4:11).

உண்மையான அறிக்கையில் நாம் கொடுத்தது மட்டுமல்ல, பெற்றதும் இருக்கவேண்டும். அந்த மருத்துவமனையில் ஏழை நோயாளிக்குக் கட்டணச் சலுகை கொடுப்பதற்குமுன், "உங்கள் நிலத்து விளைச்சல் வருஷத்தில் எத்தனை மாதத்துக்கு வீட்டுக்குப் போதும்?" என்று கேட்கிறார்கள். மூன்று மாதம் என்றால் ஒரு நிலை. ஒன்பது மாதம் என்றால் வேறு நிலை. ஏழ்மையை அவமானப்படுத்தாமல் அறிந்துகொள்ளுகிற இந்த முறையை எங்கள் சமூக சேவகர் குறித்துக்கொண்டு வந்தார். இங்கேயுள்ள கூலித் தொழிலாளருக்கு ஏற்றபடி, "மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது?" என்று நம்முடைய சலுகைப் பிரிவில் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறோம். கொடுக்கப் போனவர்கள் கடனாளிகளாய்த் திரும்பியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். இந்த இதழில் அந்தத் தாய்மாரின் புகைப்படங்கள் இல்லை. இத்தனை வருஷம் வெட்கத்தினால் மறைத்துவைத்த நோயை வைத்து, அவர்களுடைய முகத்தை அச்சிட்டுக் காணிக்கை கேட்க எங்களுக்கு உரிமையில்லை. உங்களுடைய தாயாருக்கு நீங்கள் எதை விரும்புவீர்களோ அதையே செய்திருக்கிறோம்.

6. இளைப்பாறினார்கள்

மாற்கு 6ல் அப்போஸ்தலர் இயேசுவினிடத்தில் திரும்பி வந்து, செய்ததையும் போதித்ததையும் எல்லாம் சொல்லுகிறார்கள். அதற்கு முந்தின வசனம் யோவான் ஸ்நானனுடைய அடக்கத்தைச் சொல்லுகிறது. துக்கமான வேளை. சாப்பிடவும் நேரமில்லாதபடி ஜனக்கூட்டம். ஆண்டவர் அவர்களை உடனே அடுத்த வேலைக்கு அனுப்பவில்லை. வனாந்தரமான ஓரிடத்துக்குத் தனியே அழைத்துப்போய் இளைப்பாறச் சொன்னார். அந்தியோகியாவிலும் பவுலும் பர்னபாவும் சீஷர்களோடு நெடுநாள் தங்கினார்கள் (14:28).

திரும்பி வருகிறவர்களுக்கு ஒருவகைச் சஞ்சலம் உண்டு. வீட்டில் குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வரும்போது, கூடை சுமந்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன. காத்திருந்து திரும்பினவர்களின் நினைவு தூக்கத்தைக் கெடுக்கிறது. சிலருக்குச் சொந்த ஊர் ஜனங்கள்மேல் கோபமும் வருகிறது. இது பக்திக்குறைவு அல்ல. பாரம் சுமந்ததின் அடையாளம். அப்படிப்பட்டவர்களை உடனே மேடையில் ஏற்றாதிருங்கள். சாப்பாடு போடுங்கள், பேசவிடுங்கள், பேசாதிருந்தால் கூட உட்கார்ந்திருங்கள். ஆண்டவரிடத்தில் முதலாவது சொல்லட்டும்; சபைக்குப் பிறகு சொல்லலாம்.

அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில்

பணத்தை அனுப்பிவிட்டால் போதாதா? சிலவேளை போதும். போகிறவர்கள் கைவேலைக்கு மட்டும் போகிறார்களானால், அந்த வேலையைச் செய்ய அவ்வூரிலேயே ஆள் இருக்கிறார்களானால், பணத்தை அனுப்புவதே நலம். சுவருக்கு வெள்ளையடிக்கக் கடல்கடந்தும் மலைகடந்தும் போகவேண்டியதில்லை. அங்குள்ள கொத்தனாருக்குக் கூலியாவது கிடைக்கும்.

ஆனால் தபாலில் அனுப்பமுடியாதவை சில உண்டு. ஒரு கையின் திறமை இன்னொரு கைக்குப் போவதற்கு இரண்டு கைகளும் ஒரே மேஜையருகே இருக்கவேண்டும். தனியே உழைக்கிற மருத்துவருக்கு, இரவில் கூட நின்று யோசனை சொல்ல ஒரு தோழர் வேண்டும். இவைகளுக்காகப் போவது தகும். அதுவும் அழைக்கப்பட்டு, அவர்களுடைய அதிகாரத்தின் கீழ், மறுபடியும் வருகிற நோக்கத்தோடு போனால் மட்டுமே. அப்போஸ்தலர் 15:36ல் பவுல் பர்னபாவிடம், போன ஊர்களுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சகோதரரைப் பார்ப்போம் என்கிறார். நம்முடைய குழுவும் அதே மருத்துவமனைக்கே மறுபடி போகும். புதிய நாடுகளைத் தேடாது. அதற்கிடையில், வளையங்களுக்கும் கிராமத் தொண்டர்களின் பஸ் கட்டணத்துக்கும் ஒரு தொகையை ஒழுங்காக அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். ஆகவே, அம்மா, இரண்டும் வேண்டும். நீங்கள் கேட்டது எங்களை உண்மையாயிருக்கச் செய்தது.

உங்கள் சபைக்கு எந்த ஊழியக் குழு வந்து தங்கள் பயணத்தைக் குறித்துப் பேசினாலும், அன்போடு இவைகளைக் கேளுங்கள்: உங்களை அழைத்தவர் யார்? நீங்கள் வந்த பிறகு அந்த வேலையைச் செய்கிறவர் யார்? அவருக்கு என்ன விட்டுவந்தீர்கள்? அவர்களிடத்தில் எதைக் கற்றீர்கள்? மறுபடி எப்போது போவீர்கள்? எங்களையும் அப்படியே கேளுங்கள்.

குடும்ப ஜெபத்திலும் ஐக்கியக் கூட்டங்களிலும் சிந்திக்க

1. பவுல் லீஸ்திராவுக்குத் திரும்பிப் போகாமல் தர்சு வழியாக வீடு திரும்பியிருந்தால், அங்குள்ள விசுவாசிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

2. நம்முடைய சபை செய்கிற உதவிகளில், நாம் விலகினால் மறுநாளே நின்றுபோகிறவை எவை? அவைகளை யாரிடத்தில் ஒப்புவிக்கலாம்?

3. நமக்குச் சேர்ந்த எந்த மாலையை வேறொருவரின் கழுத்தில் போடவேண்டியிருக்கிறது?

ஜெபிக்க

அறுவைச் சிகிச்சை பெற்று, பாரம் தூக்காமலிருக்கவேண்டிய தாய்மாருக்காகவும், அவர்களுக்காகத் தண்ணீர் சுமக்கிற கணவன்மாருக்காகவும். தேதி குறிக்கப்பட்டுக் காத்திருக்கிறவர்களுக்காகவும். அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கிற நர்ஸுக்காகவும், அவரோடு மலையேறி இறங்குகிற சுகாதாரத் தொண்டர்களுக்காகவும். நேபாள சபையின் மூப்பர்களுக்காகவும். திரும்பி வந்த எட்டுப் பேரின் இளைப்பாறுதலுக்காகவும் ஜெபியுங்கள்.

தூரத்திலிருந்தும் இந்த வேலையில் எங்களோடிருக்கிற உங்களைத் தேவனுடைய கிருபைக்கு ஒப்புவிக்கிறோம். அவர் தொடங்கினதை அவரே முடிப்பார்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை சாப்ளின்